மாணவர் கையில் முதலில் மைக்கைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலையில் இசைத் தொழினுட்பம் கற்பிப்பதென்றால் கீபோர்ட் வரிசையும் பெரிய மிக்ஸரும் பஞ்சு ஒட்டிய அறையும் வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பழைய மாணவர் சங்கத்திடம் கொடுக்கும் பட்டியலும் அப்படியே அமைந்துவிடுகிறது. வகுப்பைத் தொடங்கக் கணினி ஒன்று, யு.எஸ்.பி மைக் ஒன்று, அதற்கொரு தாங்கி, காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன் இரண்டு, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி (Audacity) ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை போதும். சுருதிப்பெட்டி சங்கீத அறையிலேயே இருக்கும். சாதாரண தரப் பரீட்சைச் சுமை ஏறுமுன், தரம் 8, 9 மாணவருக்கு இதைக் கொடுப்பது நல்லது. சங்கீத ஆசிரியரும் தகவல் தொழினுட்ப ஆசிரியரும் ஒரே பாடவேளையில் சேர்ந்து நிற்கவேண்டும். ஒருவர் தனியே எடுத்தால் ஒன்றில் காது விடுபடும், அல்லது கணினி விடுபடும்.

முதற்பாடமாகச் சுருதிப்பெட்டியை இயக்கி ஒரு நிமிடம் பதியச் சொல்லுங்கள். சில கணினிகளில் இரண்டு மூன்று விநாடிக்குள் சுருதி தேய்ந்து மறைந்துவிடும். மைக்கில் பழுதில்லை. மாறாமல் நீளும் ஒலியை மின்விசிறி இரைச்சலென்று எடுத்து அமுக்கும் வசதி, கணினியின் ஒலி அமைப்பில் மைக்குக்குரிய பக்கத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. எங்கள் இசைக்கு ஆதாரமான சுருதி அதற்கு வெறும் இரைச்சல். அதை நிறுத்திவிட்டு மறுபடி பதிந்தால் சுருதி முழுதாக நிற்கும். கைபேசியில் பதிந்தாலும் இதே கவனம் தேவை.

ஒலி அளவை வைக்கும்போது மாணவர் வழக்கமாக விடும் பிழை ஒன்றுண்டு. மத்திய ஸ்தாயியில் மெதுவாகப் பாடவைத்து அளவைச் சரிசெய்வார்கள். தார ஸ்தாயிக்குப் போனதும் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். வெட்டுப்பட்டதைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. ஆகவே மேல் ஷட்ஜத்தை முழுக்குரலில் பாடவைத்து, உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். குரலுக்கு மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’ வரும் இடத்தில் காற்று மோதாது. அறையில் ஒரு தரம் கைதட்டிப் பாருங்கள். எதிரொலி கேட்டால் புத்தகம் நிறைந்த நூலகத்துக்கு மாறலாம், அல்லது சுவரோரம் இரண்டு படுக்கை விரிப்புகளைத் தொங்கவிடலாம். மடிக்கணினியில் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் விழுந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த உறுமல் 50, 100 ஹேர்ட்ஸில் வரும்.

கீபோர்ட்டை முன்னே வைக்கக் கூடாது என்று நாம் சொல்வதற்குக் காரணம் காந்தாரம். கணக்குக்கு வசதியாக ஷட்ஜத்தை 240 ஹேர்ட்ஸ் என வைத்துக்கொள்வோம். சுருதியோடு இழையும் அந்தர காந்தாரம் 5/4 பங்கு, அதாவது 300 ஹேர்ட்ஸ். கீபோர்ட்டின் காந்தாரமோ 302.4. ஓடாசிற்றியில் இவ்விரண்டையும் இரு தடங்களில் உருவாக்கிச் சேர்த்து ஒலிக்கவிட்டால், ஒலி ஐந்து விநாடியில் 12 தரம் பொங்கித் தாழும். மாணவர் விரல்விட்டே எண்ணலாம். உருவாக்கும்போது வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, 0.4 ஆகக் குறையுங்கள். மென்பொருள் தானாகத் தருவது 0.8, இரண்டு சேர்ந்தால் எல்லையைத் தாண்டி வெட்டுப்படும், பிழையான பாடமே மனதில் நிற்கும்.

சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருளையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். தோடி இராகத்தின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு அசைகிறது. திருத்தும் மென்பொருள் அந்த அசைவைக் கீபோர்ட்டின் பன்னிரண்டு படிகளில் ஏற்றி இறக்கிவிடும். முதலில் சுரவளைவைத் திரையில் காட்டும் இலவச மென்பொருளான பிராட்டில் (Praat) அந்தக் காந்தாரத்தைப் பார்க்கச் செய்யுங்கள். அலைபோன்ற கோட்டைக் கண்ட பிள்ளை, எதைத் திருத்தக் கூடாது என்பதையும் அறிந்துகொள்ளும்.

விஞ்ஞான ஆசிரியரையும் அழைக்க ஓர் இடம் உண்டு. மிருதங்கத்தின் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த சுரங்கள், முழு எண் விகிதத்தில் அமைவதைச் சி. வி. இராமன் 1920இலேயே எழுதினார். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், உள்ள கரணை என்ற கரும்பூச்சுத்தான் காரணம். வலந்தலையில் வாசிக்கும் ‘மீட்டு’ என்ற சொல்லையும் வெறும் தோல் மேளத்தின் அடியையும் பதிந்து எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக உள்ளதென்று காட்டும் படம் எடுத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

தாளத்தோடு பதியும்போது வரும் தொல்லை தாமதம். ஆதி தாளத்துக்குச் சுற்றுக்கு 8 அடி, நிமிடத்துக்கு 60 என்று தட்டொலியை உருவாக்கி, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாடினால் பாட்டுப் பிந்தி விழும். பிள்ளைக்குத் தாளம் தெரியாதென்று ஏசவேண்டாம்; கணினி எடுக்கும் நேரம் அது. ஹெட்போனை மைக்கோடு ஒட்டிவைத்துத் தட்டொலியையே பதிந்து, பெரிதாக்கி, மூலத்துக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். ஓடாசிற்றியில் இந்தப் பிந்தலைச் சரிக்கட்டும் தாமத ஈடு (latency compensation) முதலில் மைனஸ் 130 மில்லி விநாடி. பதிவு 40 பிந்தினால் அதை மைனஸ் 170 ஆக்கவேண்டும். கணினிக்குக் கணினி இது மாறும். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவாது. பென் டிரைவில் நேரடியாகப் பதிவதும் வேண்டாம், நடுவே ஒலி அறுபடலாம். கணினியில் பதிந்து பிறகு பிரதி எடுங்கள்.

மதிப்பீடாக, ஐவர் கொண்ட குழு மூன்று நிமிடக் கீர்த்தனை ஒன்றைப் பதிந்து கொடுக்கலாம். ஒற்றைத் தடம், 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 16 மெகாபைட். கூடவே ஒரு தாள்: சுருதி எத்தனை கட்டை, மைக் எவ்வளவு தூரம், உச்ச அளவு என்ன, எது பிழைத்தது.

இரண்டாம் தவணையில் அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்களின் நாதஸ்வர, தவில் கலைஞரை அழைக்கலாம். தவிலுக்குச் சாண் கணக்கு சரிவராது. திறந்த முற்றத்தில் மைக்கை ஆறடி தள்ளிவைத்து, அங்கிருந்து கேட்டுக் கேட்டு நகர்த்தவேண்டும். பதியுமுன் அவரிடம் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுத்து, கோப்பின் பெயரில் திகதி, இராகம், கட்டை எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
சங்கீத ஆசிரியை ஒருவரும் ஒலிப்பதிவாளர் ஒருவரும்,
யாழ்ப்பாணம்.