பயோடீசல் விக்கிறவங்க எந்த எண்ணெய்னு எழுதிப் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி வந்தா ஏற்காட்டுல ஒரே பேச்சுதான், பயோடீசல், அதாவது சமையல் எண்ணெய்ல செய்யற டீசல் ஊத்துனா இஞ்சின் போயிரும்னு. விடியக்காலைல செல்ஃப் அடிச்சா சுத்துது, ஆனா வண்டி புடிக்க மாட்டேங்குது, அப்படியே புடிச்சாலும் கொஞ்ச தூரத்துல இழுவை இல்லாம நின்னுருது. மெக்கானிக் வந்து பம்ப் போச்சு, நாசில் போச்சுன்னு கழட்ட ஆரம்பிச்சிடறாரு. டீசல் பில்டர கழட்டிப் பாருங்க சார், குளிர்ல உறைஞ்ச பயோடீசல் உள்ள வெள்ளையா நெய்யாட்டம் அப்பியிருக்கும். வெயில் ஏறுனதும் அதுவே உருகிடும், வண்டியும் ஓடும், அதனால கோளாறு எதுன்னே பல பேருக்குத் தெரியறதில்ல.

பயோடீசல்னா எல்லாம் ஒண்ணு கிடையாது. பாமாயில்ல செஞ்சது கலப்பில்லாம இருந்தா 13லேருந்து 16 டிகிரிக்குள்ளயே கலங்கி உறைய ஆரம்பிச்சிரும், சோயா எண்ணெய்ல செஞ்சது கிட்டத்தட்ட 0 டிகிரி வரைக்கும் தாங்கும். சேலத்துல 20 டிகிரி இருக்கறப்ப பிரச்சனையே தெரியாது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல வந்து ராத்திரி நிறுத்துனா அங்க 12, 13க்கு எறங்குறது சகஜம்தானே. இப்ப ஓட்டல், பஜ்ஜிக் கடையில பொரிச்ச எண்ணெய வாங்கித்தான் பயோடீசல் ஆக்குறாங்க, நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லல, மறுபடி மறுபடி அதுலயே வடை சுடறதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா நம்மூர் கடைங்கள்ல பாதிக்கு மேல பாமாயில்தானுங்களே.

2030க்குள்ள டீசல்ல 5 சதவீதம் பயோடீசல் கலக்கணும்னு மத்திய அரசோட 2018 கொள்கை சொல்லுது. அந்த அளவுக்கு நம்ம குளிர்ல பயமே இல்ல. தனி பயோடீசலா ஊத்தறதுலதான் வில்லங்கம். லடாக்குக்கு 2019லயே மைனஸ் 33 டிகிரி தாங்குற டீசல் கொடுத்தவங்க, இங்க விக்கிற எடத்துல எந்த எண்ணெய்ல செஞ்சது, எத்தன டிகிரில கலங்கும், எவ்வளவு கலப்புன்னு ஒரு போர்டு வைக்கச் சொல்லக் கூடாதா?

அதுவரைக்கும் மலை ஏறுறவங்க அடிவாரத்துலயே சாதா டீசல் முக்கால்வாசி கலந்துக்கோங்க. ஏறுறப்பவே அது பில்டருக்குள்ள போயிரும், உறைஞ்சதுக்கு அப்புறம் டேங்க்ல ஊத்தி பிரயோஜனமில்ல. பழைய வண்டின்னா இன்னொண்ணு, பயோடீசல் டேங்க்ல இருக்கற பழைய கசடையெல்லாம் கரைச்சு பில்டருக்கு அனுப்பிரும், அதனால ஸ்பேர் பில்டர் ஒண்ணு சீட்டுக்கு அடியிலயே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டுநர், ஏற்காடு