ஞாயிறு சந்திப்பு: இடம் மாறுகிறது

வணக்கம் உறவுகளே. இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு நாம் கூடுவது வழக்கமான ஒட்டுக்கடையில் அல்ல, தண்ணீர்மலைப் பூங்கா வாசலில். கடையில் பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது.

"மறுபடியுமா?" என்று சலித்துக்கொள்ளும் இளையவர்களுக்கு: இது நமக்குப் பழகிப்போன சங்கதி. மூத்தவர்கள் முதலில் கூடியது பினாங்கு ஜார்ஜ்டவுனின் பசார் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே மசாலா மூட்டை, மேலே கேரம் பலகை. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் கணக்கு வாசிப்போம். பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 இறுதியோடு முடிந்தது; 2000 பிறந்ததும் வாடகை எகிறியது. நாம் மட்டுமா, ஜார்ஜ்டவுனில் எத்தனையோ பழைய குடும்பங்கள் அப்போதுதான் மூட்டை கட்டின. பிறகு ஒருவர் வீட்டு முன்கூடம், ஒரு பள்ளி மண்டபம். 2008-இல் ஜார்ஜ்டவுனுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்து சில வருடம் கழித்து அந்த மாடியை எட்டிப் பார்த்தேன். காப்பிக்கடை ஆகியிருந்தது. (ஒரு கப் விலை நம் பழைய மாதச் சந்தாவைவிட அதிகம்!) 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் இந்த அரட்டைக் குழுவே மண்டபமாயிற்று.

பாய் நான் கொண்டு வருகிறேன். வடைக்கு யார் பொறுப்பு? அங்கே குரங்குகள் உண்டு, பொட்டலத்தைத் திறந்து வைக்காதீர்கள்.