செயலி இருக்கட்டும், முதலில் பதிவேட்டை இணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிக் கற்றலை விரிவாக்கப் போகிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்தால், அடுத்த வரியிலேயே 'சொந்தக் கைபேசிச் செயலி' வந்துவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளி, இலச்சினை பொறித்த முகப்பு, பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்கும் விழா. மாணவரிடம் ஏற்கெனவே மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் கணக்கு இருக்கிறது. தேர்வுக் கட்டணத்துக்குத் தனி இணையதளம், அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் குழு. புதிய செயலியால் இன்னொரு பாஸ்வேர்டுதான் கூடும். அந்தப் பணம் போக வேண்டிய இடம், மாணவர் பதிவேட்டுக்கும் மூடுலுக்கும் இடையே இன்னும் போடப்படாத இணைப்பு.

மூடுல் 2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டூகியமாஸ் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதற்கு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் அதிகாரப்பூர்வச் செயலி உண்டு. தள நிர்வாகத்தில் கைபேசிகளுக்கான இணையச் சேவையை இயக்கிவிட்டால், மாணவர் செயலியில் பல்கலைக்கழகத்தின் மூடுல் முகவரியைத் தட்டி உள்ளே வந்துவிடலாம். செலவே இல்லை என்று சொல்ல மாட்டோம்: இலவசத் திட்டத்தில், அறிவிப்பு பெறும் கைபேசிகளின் எண்ணிக்கைக்கும் இறக்கி வைத்துக்கொள்ளும் பாடங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பெரிய பல்கலைக்கழகம் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். ஆனாலும் ஒரு செயலியை அடியிலிருந்து எழுதி, ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் திருத்திக்கொண்டே இருப்பது வேறு வகைச் செலவு.

கணினியில் தளம் திறக்கிறது, செயலி மட்டும் இணைய மறுக்கிறது என்ற புகார் வந்தால் முதலில் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். தளத்தின் சான்றிதழை அதை வழங்கிய நிறுவனத்தோடு இணைத்துக் காட்டும் இடைநிலைச் சான்றிதழை சர்வரில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். கணினி உலாவிகள் விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துச் சமாளித்துவிடும். ஆண்ட்ராய்டு அப்படிச் செய்யாது. முழுச் சங்கிலியும் உள்ள கோப்பை வைத்தால் தீர்ந்தது. அறிவிப்புகள் வரவில்லை என்றால் பெரும்பாலும் 'கிரான்' நின்றிருக்கும். மூடுலின் பின்னணி வேலைகளை எல்லாம் ஓட்டுவது அதுதான். நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வேண்டும்.

இனி, கடினமான பகுதி. ஆட்களைப் பாடங்களில் சேர்க்க, மூடுலோடு 'வெளித் தரவுத்தளம்' என்ற முறை கூடவே வருகிறது. மாணவர் பதிவேட்டிலிருந்து மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணையை, படிக்க மட்டுமே உரிமையுள்ள கணக்கின் வழியே தந்தால் போதும்: மாணவரின் எண், பாடக் குறியீடு, மாணவரா ஆசிரியரா என்பது. அன்றன்று இரவு மூடுல் அதைப் படித்து ஆட்களைச் சேர்க்கும். துறைக்குத் துறை எக்செல் தாள் அனுப்பி ஏற்றும் வேலை அதோடு போய்விடும்.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. பதிவு எண் என்று எல்லோரும் சட்டெனச் சொல்வார்கள். ஆனால் முதலாமாண்டு மாணவர் பலருக்கு வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் பதிவு எண் வருகிறது. எனவே சேர்க்கையின்போதே தரப்படும், படிப்பு முடியும்வரை மாறாத எண்ணையே திறவுகோலாக வைக்க வேண்டும். பதிவு எண் பின்னால் வரும் கூடுதல் விவரமாக இருக்கட்டும். பெயரை நம்பவே கூடாது. ஒரு பட்டியலில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். மின்னஞ்சலும் உதவாது, சேர்க்கைப் படிவத்தில் பலர் கொடுத்திருப்பது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரரின் முகவரி.

அடுத்தது அரியர் மாணவர்கள். அட்டவணையை 'நடப்புப் பருவம்' என்று வடிகட்டினால் அவர்கள் பழைய பாடத்திலிருந்து காணாமல் போவார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவரை என்ன செய்வது என்று கேட்கும் அமைப்பில், 'பாடத்திலிருந்து நீக்கு' என்பதே இயல்பாக இருக்கும். அதை 'இடைநிறுத்து' என்று மாற்றாமல், பதிவேட்டை இரவில் படித்துப் பொருத்தும் இந்த ஒத்திசைவை ஓட்டக் கூடாது. நீக்கப்பட்டவரின் குழுச் சேர்க்கை போய்விடும், மதிப்பெண் ஏட்டிலும் அவர் தெரிய மாட்டார். பதிவேட்டுப் பக்கத்தில் தரவை எடுத்துத் தரும் கட்டளை (வினவல்) ஒன்று தவறினாலே, அது ஒரே இரவில் ஒரு துறையையே வெளியேற்றிவிடும்.

மதிப்பெண் திரும்பிப் போகும் வழியையும் பார்ப்போம். அகமதிப்பீட்டின் 25ஐ ஆசிரியர் மூடுலில் பார்த்துத் தாளில் எழுத, அலுவலகத்தில் ஒருவர் மறுபடி தட்டச்சு செய்கிறார். மதிப்பெண் ஏட்டைக் கோப்பாக இறக்கித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் நேரே ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மூடுல் இயல்பாகவே காலி மதிப்பெண்களைக் கணக்கில் சேர்க்காது. பத்துக்கு 8, 7, 6 என மூன்று ஒப்படைவும் எழுதியவருக்கு 70 விழுக்காடு. ஒன்றை மட்டும் எழுதி 8 வாங்கிய நண்பருக்கு 80! பருவம் முடிகையில், சமர்ப்பிக்காதவர்களுக்குப் பூஜ்யம் இட வேண்டும், அல்லது அந்த அமைப்பை அணைக்க வேண்டும். பருவத்தின் நடுவே அணைத்தால், இன்னும் நடக்காத தேர்வுகளும் பூஜ்யமாகி மாணவர்கள் பதறிப்போவார்கள்.

கைபேசிக்கு ஏற்ற பாடம் என்பதை முகப்பு அழகாகப் புரிந்துகொள்ளக் கூடாது. 50 நிமிட வகுப்பை நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் கோப்பு 375 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா உள்ள மாணவர் நான்கு வகுப்பு பார்த்தால் தீர்ந்துவிடும். கரும்பலகையும் குரலும் மட்டுமே உள்ள வகுப்புக்கு நொடிக்கு 250 கிலோபிட் போதும். 94 எம்பிதான் ஆகும். குரலை மட்டும் 32 கிலோபிட்டில் தனியாக வைத்தால் 12 எம்பி. மூன்றையும் ஏற்றி வையுங்கள், மாணவர் தேர்ந்துகொள்வார்.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு. கையால் எழுதிய 12 பக்க ஒப்படைவைப் படமெடுத்தால், பக்கத்துக்கு 4 எம்பி வீதம் 48 எம்பி. மூடுல் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியின் இயல்பான பதிவேற்ற வரம்போ கோப்பொன்றுக்கு 2 எம்பி. அந்த வரம்பை உயர்த்துங்கள். கூடவே, ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பக் கற்றுக்கொடுங்கள்.

இணைப்பு விட்டு விட்டு வரும் ஊர்களில் இருப்பவர்களுக்காக, மூடுல் செயலியில் இணைப்பின்றியே வினாடி வினா எழுத முடியும். தேர்வின் அமைப்பில் அதை அனுமதிப்பதோடு வேறு நிபந்தனைகளும் உண்டு: நேர வரம்பு இருக்கக் கூடாது, பின்னூட்டம் கடைசியில்தான் வர வேண்டும், கேள்விகளிடையே தடையின்றிப் போய்வர விட வேண்டும். ஆகவே அது பயிற்சித் தேர்வுக்கு ஏற்றது, அகமதிப்பீட்டுக்கு அல்ல. மூடுலில் கூடுதல் வசதி சேர்க்கும் புதிய செருகு நிரல்களை நிறுவும்போதும் கவனம் தேவை. செயலிக்கென எழுதப்பட்ட பகுதி இல்லாத நிரல் பெரும்பாலும் செயலிக்குள் வேலை செய்யாது, உலாவியில்தான் திறக்க வேண்டும்.

சர்வர் அளவுக்கு மூடுல் ஆவணங்கள் தரும் தோராயம், ஒரு ஜிபி நினைவகத்துக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர். 600 பேர் காலை 10 மணிக்கு ஒன்றாகத் தேர்வைத் திறந்தால் 30 முதல் 60 ஜிபி கேட்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாங்கிப் போடுவதைவிட, பிரிவுக்குப் பிரிவு 15 நிமிடம் தள்ளித் தொடங்கலாம். மூடுலின் 4.5 பதிப்பு நீண்டகால ஆதரவுள்ளது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை வரும். அதற்கு மாறும் வேலையை மே விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், பருவத்தின் நடுவில் வேண்டாம்.

கட்டண இணையதளம், நூலகம் போன்ற வெளிச் சேவைகளை மூடுலோடு இணைக்க, அவற்றை நடத்தும் நிறுவனங்கள் டோக்கன் (பாஸ்வேர்டு போல உள்ளே விடும் இரகசியக் குறியீடு) கேட்கும். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று நிர்வாகியின் டோக்கனையே கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அது மாணவர் அனைவரின் கைபேசி எண்ணையும் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுப்பதுதான். அந்தச் சேவைக்குத் தேவையான செயல்களை மட்டும் அனுமதித்து, தனிக் கணக்கில் டோக்கன் உருவாக்கி, அவர்களுடைய சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் செல்லுபடியாகும்படி செய்யலாம். ஒப்பந்தம் முடியும் தேதியையே அதன் காலாவதி தேதியாக இட்டுவிட்டால், பிறகு யாரும் ஞாபகம் வைத்து நீக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கல்லூரி மூடுல் தளங்களைப் பராமரிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி