பூமாலையான மாலைப் பொழுது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைக்கதையைப் படித்து, நடிகர், ப்ராப்பர்ட்டி (காட்சியில் வைக்கும், கையாளும் பொருள்கள்), உடை, வாகனம், விலங்கு என்று காட்சிவாரியாகத் தானே குறியிட்டுப் பட்டியல் தரும் மென்பொருள்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இனி உதவி இயக்குநர்களுக்கு அந்த வேலையே இராது என்று அதில் ஒரு வரி இருந்தது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளில் நடக்கும் படப்பிடிப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பொருள் சேர்த்துக் கொடுத்துவரும் கலைத்துறை உதவியாளன் நான். அந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை.

மென்பொருளின் நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு பக்கத்தை எட்டுப் பங்காகக் கொண்டு காட்சியின் நீளத்தைக் கணக்கிடுவதும், பகல், இரவுக் காட்சிகளைப் பிரித்து எண்ணுவதும், எந்த நடிகர் எந்தெந்தக் காட்சியில் வருகிறார் என்று கால்ஷீட்டுக்குத் தொகுத்துக் கொடுப்பதும், நாங்கள் வண்ணப் பென்சிலோடு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலைகள். அவற்றை அது சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. சொல்லுக்குப் பொருள் காணும் இடத்தில்தான் தடுமாறுகிறது.

சென்ற ஆண்டு ஒரு படத்துக்காக மென்பொருள் தயாரித்து எங்களுக்கு வந்த பட்டியலை, திரைக்கதையோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே வேலைக்கு எடுத்துக்கொண்டோம். "மாலை. வளவு. ஆச்சி கொட்டானை இறக்கி வைத்துவிட்டுத் தூணோரம் அமர்கிறார்" என்பது ஒரு காட்சி. வளவு என்பது எங்கள் பக்கத்து வீடுகளின் உள்முற்றப் பகுதி. பொழுதைக் குறித்த மாலை, பூமாலையாகி ப்ராப்பர்ட்டியில் ஏறியிருந்தது. கொட்டான் என்கிற பனையோலைக் கூடை பட்டியலில் எங்குமே இல்லை. படப்பிடிப்பு அன்று ஈரத்துணி சுற்றிய ரோஜா மாலை தயாராக இருந்தது, கொட்டான் இல்லை. அடுத்த காட்சியில் அந்தக் கொட்டானுக்குள்ளிருந்துதான் ஒரு கடிதம் வெளிப்பட வேண்டும் என்பதால், அதை விட்டுவிட்டு எடுக்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி பரணில் தேடி, விளிம்பில் சிவப்புச் சாயம் வெளிறிப்போன பழைய கொட்டான் ஒன்றை எடுத்துக் கொடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் யூனிட் முழுவதும் காத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்காதது எங்கள் தவறுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உறவுப் பெயர்களிலும் இதே குழப்பம் நேர்ந்தது. எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்று அழைப்போம். மென்பொருளோ அவரைப் பிள்ளை பார்க்க வந்த பணிப்பெண்ணாகக் கொண்டு, ஏற்கெனவே பெயரோடு வரும் பாட்டியை ஒரு பாத்திரமாகவும் இவரை இன்னொரு பாத்திரமாகவும் எண்ணியிருந்தது.

இவற்றைவிடக் கவலை தருவது விலங்கு பற்றிய குறிப்பு. "மாட்டு வண்டி வாசலில் வந்து நிற்கிறது" என்ற வரியில் வண்டி வாகனப் பட்டியலில் சேர்ந்தது, மாடுகள் விலங்குப் பட்டியலில் சேரவில்லை. படப்பிடிப்பில் விலங்கைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். தணிக்கையின்போதும் வாரியத்தின் சான்றைக் கேட்பார்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அந்தப் பட்டியலை மட்டுமே நம்பியிருந்தால், மாடு வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியவந்திருக்கும்.

எழுத்தில் இல்லாததை அறிவது இன்னும் கடினம். "பந்தி நடக்கிறது" என்று இரண்டே சொற்களில் எழுதிவிடலாம். அந்த இரண்டு சொற்களுக்குள் வாழை இலை, பரிமாறுவோர், வாளிகள், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள், ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாக விரிக்க வேண்டிய இலைக்கட்டு எல்லாம் அடங்கியிருப்பது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தெரியும்.

ஆகவே தயாரிப்பு நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தானியங்கிக் குறிகளை முதல் வரைவாக மட்டும் கொண்டு, ஓர் உதவி இயக்குநரும் கலைத்துறையில் ஒருவரும் சேர்ந்து காட்சி காட்சியாக வாசித்துச் சரிபார்க்க ஒரு நாளாவது ஒதுக்குங்கள். மென்பொருள் செய்வோரும், வட்டாரச் சொற்களை நாங்களே சேர்த்துக்கொள்ளவும், ஒரு காட்சியில் திருத்திய குறி பிற காட்சிகளிலும் தானே திருந்தவும் வழி செய்து தர வேண்டும். கொட்டான், வளவு, பட்டாலை, முகப்பு, இரண்டாம் கட்டு என்று தொடங்கி, எங்கள் வேலையில் அடிக்கடி வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். கேட்கும் எவருக்கும் அதைப் படியெடுத்துத் தர அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கலைத்துறை உதவியாளர் ஒருவர்,
காரைக்குடி.