மரப்பாலத்திற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

பினாங்கின் தென் செபராங் பிறையில், எங்கள் பழைய தோட்டத்து லய வீடுகளுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே ஓடும் சிற்றாற்றின் மேல் நிற்கும் மரப்பாலம், ஏழு மாதச் சீரமைப்புக்குப் பின் மீண்டும் நடைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. நாற்பதடி நீளமே கொண்ட அந்தப் பாலத்தின் வழியாகத்தான் எங்கள் பெற்றோர் ரப்பர் பால் வாளிகளைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் காவடிக் கம்பில்) சுமந்து ஸ்டோருக்குப் போனார்கள். கித்தா என்னும் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும் கோயிலுக்குப் போக அதுவே எங்கள் வழியாக இருந்தது. பலகைகள் ஆடத் தொடங்கியபோது, மரம் என்றால் உளுத்துத்தான் போகும், பிரித்துப் போட்டுவிட்டுக் கான்கிரீட் பாலம் கட்டிக்கொள்ளலாம் என்று எங்களில் பலர் பேசினோம். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்த மடலை எழுதும் கடமை எனக்குக் கூடுதலாகவே உண்டு.

முதல் நன்றி, பக்கத்துக் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) வந்த மலாய்த் தச்சருக்கு. சிறியவர் பெரியவர் எல்லாரும் அவரைப் பாக் சிக் (மலாயில் மாமா) என்றே அழைத்தோம். வந்த அன்று அவர் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்த நேரத்தில் பாலத்தின் அடியில் இறங்கி, ஒவ்வோர் உத்திரத்தையும் மரச்சுத்தியால் சாணுக்குச் சாண் தட்டி, காது வைத்துக் கேட்டார். கணீரென்று ஒலித்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. ஒலி அமுங்கிய இடத்தில் ஒரு வட்டம். கரை மண்ணில் புதைந்து கிடந்த உத்திர முனையில் அவர் திருப்புளியை வைத்து அழுத்தியபோது, வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல் அது கைப்பிடி வரை இறங்கியது. அங்கிருந்து இரண்டடி தள்ளி, அதே கட்டையில் திருப்புளியின் நுனிகூட ஏறவில்லை. வைரம் பாய்ந்த செங்கால் மரம் அது. காய்ந்த நிலையிலும் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். பாலத்தைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு அந்த இரண்டடியில் முடிந்துபோனது.

பாலத்தைக் கெடுத்தது ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதை மக்கவைக்கும் பூஞ்சணம் வளர முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் பினாங்கில் மரம் நனையாமல் இருக்காது. நனைந்த பின் காய்வதற்கு அதற்கு வழி விட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ நல்லெண்ணத்தோடு பலகைகளின் மேல் பூசிய தார், உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற விடாமல் அடைத்து வைத்திருந்தது. உத்திரங்களின் வெட்டு முனைகளோ மண்ணுக்குள் கிடந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. வார இறுதிகளில் மண்டியிட்டு அந்தத் தாரைச் சுரண்டியெடுத்த இளைஞர்களின் கைக்கொப்புளங்களை நாங்கள் மறக்கவில்லை.

கட்டடக்கலை பயின்ற எங்கள் தோட்டத்துப் பெண்ணுக்கு அடுத்த நன்றி. இக்கோமோஸ் என்னும் பன்னாட்டு அமைப்பு மரபு மரக்கட்டுமானங்களுக்காக 1999இல் மெக்சிகோவில் வகுத்து, 2017இல் தில்லியில் புதுப்பித்த கோட்பாடுகளை, கோயில் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்துப் பாட்டிமார்களுக்கும் புரியும்படி அவர் விளக்கினார். முடிந்தவரை பழைய மரத்தையே வைத்துக்கொள்வது, மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதே இன மரத்தை இடுவது, புதிய துண்டு எதுவென்று பின்னால் வருவோருக்குத் தெரிய உறுத்தாத ஓர் அடையாளம் வைப்பது என்ற மூன்றையும் அப்படியே கடைப்பிடித்தோம். ஆறு உத்திரங்களில் நான்கின் முனைகளை மட்டும் அறுத்தெடுத்து, சாய்வாக வெட்டிய புதுத்துண்டுகளைப் பொருத்தித் துருப்பிடிக்காத போல்ட்டுகளால் முடுக்கினார் பாக் சிக். ஒவ்வொரு புதுத்துண்டின் அடிப்பக்கத்திலும் ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கிறோம். அந்தத் துண்டுகளுக்கான செங்கால் கட்டைகளை, பிரித்த பழைய வீடொன்றிலிருந்து எடுத்துத் தந்து லோரிக் கூலியும் வாங்க மறுத்த சீன மரக்கடைக்காரருக்கு எங்கள் கைகூப்பிய நன்றி.

கோயில் நிர்வாகத்தினரை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் ஒரே இரவில் எரிந்துபோனதை அந்தப் பெண் எடுத்துச் சொன்னபோது, திருவிழாவில் பாலத்தின் நடுவில் சூடம் ஏற்றும் வழக்கத்தைக் கரைக்கு மாற்றிக்கொள்ளவும், தீச்சட்டிகள் கடக்கும் முன் பலகைகளில் தண்ணீர் தெளித்து வைக்கவும் அவர்கள் தயங்காமல் இசைந்தார்கள். வழிவழியாக வந்த ஒரு முறையை மாற்றுவது எளிதன்று என்பதை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

ஏழு மாதமும் வேலை நடந்த நாள்களில் சோறாக்கிப் போட்ட அம்மாமார்களுக்கும், ஐந்து ரிங்கிட்டிலிருந்து அள்ளிக்கொடுத்த அனைவருக்கும், செய்வித்த ஒவ்வொரு வேலையையும் படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்றிய மாணவர்களுக்கும் நன்றி.

அந்தப் பதிவேடும், அறுத்தெடுத்த உத்திர முனைகளும், துருவேறிய பழைய ஆணிகளும் கோயில் பண்டக அறையில் வைக்கப்பட்டுள்ளன. பார்க்க விரும்புவோர் மாலைப் பூசை நேரத்தில் வரலாம். பலகை இடுக்குகளில் சேரும் மண்ணையும் இலைச் சருகையும் வாரி எடுக்க, மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூடுகிறோம். விளக்குமாறு கொண்டு வந்தால் போதும்.

நன்றியுடன்,
பாலப் பராமரிப்புக் குழுவின் சார்பில்,
செயலாளர்
தென் செபராங் பிறை, பினாங்கு