மேடைப் பாடல்களை மீண்டும் பாடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரபல பின்னணிப் பாடகர்கள் பழைய நாடகப் பாடல்களையும் திரைப்பாடல்களையும் புதிதாகப் பாடி இறுவட்டாக வெளியிடுவது நல்ல முயற்சி. ஆனால் விருத்தம் வரும் இடத்தில் பலரும் சறுக்கிவிடுகிறார்கள்.

விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. ராகமும் சொல்லின் பொருளுமே அதை நடத்துகின்றன. இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' நாடகத்தில் ஊறிய யாழ்ப்பாணத்துக் காதுகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒலிப்பதிவில் காதுக்குள் மெட்ரோனோம் (சீரான தாளத்தட்டு தரும் கருவி) அடித்துக்கொண்டிருந்தால், பாடகர் தன்னையறியாமலே அதற்குள் அடங்கிவிடுவார். எனவே விருத்தத்தை மெட்ரோனோம் இல்லாமல், ஆர்மோனியக்காரரை அதே அறையில் இருத்திப் பதியுங்கள். அடி முடிந்ததும் அவர் அதைப் பிடித்து வாசிக்கும் இடைவெளியைப் பின்னர் வெட்டாதீர்கள். கேட்பவருக்குப் பொருள் இறங்குவது அங்கேதான்.

சுருதி திருத்தும் மென்பொருளையும் கவனமாகக் கையாளவேண்டும். தோடி ராகத்தின் காந்தார சுரம் அசைந்தால்தான் தோடி. மென்பொருளின் வேகத்தைக் கூட்டி வைத்தால், அந்த அசைவைப் பிழையென்று எடுத்து நேராக்கிவிடும். இப்படிச் சுரம் அசையும் கமகம் உள்ள வரிகளில் அதை நிறுத்திவிடுவதே மேல்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டைக் கேட்டுப் பழகுபவர்கள் முதலில் ஓட்டும் வேகத்தைச் சரிபார்க்கட்டும். 74 சுற்றில் ஓடினால் பாட்டு ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கிவிடும், நடையும் தளரும். தட்டின் ஒரு பக்கம் 3 நிமிடம் சொச்சம்தான். மேடையில் விரித்துப் பாடியதை அதற்குள் சுருக்கவேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. முழுப்பாட்டும் தெரிந்த அண்ணாவிமார் (நாடகம் பழக்கும் ஆசிரியர்கள்) நம்மிடையே இருக்கும்போதே விடுபட்ட வரிகளைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இசைநாடக ஆர்வலர்கள்,
யாழ்ப்பாணம்.