‘வரலாற்றில் இன்று’: எந்த நாள்காட்டியின் இன்று?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 23 வந்தாலே ‘வரலாற்றில் இன்று’ பகுதிகளில் ஒரு வரி தவறாமல் தலைகாட்டும்: 1616-ல் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று. தேதி ஒன்றுதான், நாள் ஒன்றல்ல. ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியை விடவில்லை. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றே இன்று பெரும்பாலும் கொள்கிறார்கள். உலகப் புத்தக நாளுக்கு யுனெஸ்கோ இந்தத் தேதியைத் தேர்ந்ததற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். கொண்டாட அது போதும். நாளிதழில் ‘ஒரே நாளில்’ என்று அச்சிடப் போதாது.

ஜூலியன் தேதியைக் கிரிகோரியன் தேதியாக மாற்றத் தொகுப்பவர்களுக்கு உதவும் கணக்கு ஒன்று உண்டு. ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நாலால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஈவை அதிலிருந்து கழியுங்கள். மேலும் 2 கழித்தால், ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டிய நாட்கள் கிடைக்கும். 1616-க்கு 16 − 4 − 2 = 10. 1917-க்கு 19 − 4 − 2 = 13; ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சி அக்டோபர் 25-லிருந்து நவம்பர் 7-க்குப் போனது இப்படித்தான். 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜூலியனில் இவை லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் அல்ல. ஆகவே அந்த ஆண்டுகளில் பிப்ரவரி முடியும்வரை முந்தைய நூற்றாண்டின் எண்ணையே கூட்ட வேண்டும்.

கூட்டிய பிறகு கிழமையைச் சரிபாருங்கள். நாள்காட்டி மாறியபோது தேதிகள் தாண்டினவே தவிர, கிழமை வரிசை அறுபடவில்லை. 1582 அக்டோபர் 4 வியாழன். மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. 1917 அக்டோபர் 25 புதன் என்கின்றன ரஷ்ய ஆவணங்கள். கணினியில் அதே தேதியைத் தட்டினால் வியாழன் என்று வரும். கிழமை இப்படி முரண்பட்டால், கையில் இருப்பது இன்னும் மாற்றப்படாத தேதி. இந்தச் சோதனையைச் செய்யாததால்தான், ஏற்கெனவே மாற்றிய தேதியோடு இன்னொரு முறை 13-ஐக் கூட்டுவதும் நடக்கிறது.

ஆண்டும் புரளும். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் அப்போது சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். அதனால் 1731 பிப்ரவரி 11 என்று குறிக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாள், இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற பிரபலமான பொருத்தமும் நிற்காது. கலிலியோ மறைந்த 1642 ஜனவரி 8 புதிய (கிரிகோரியன்) கணக்கு; நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 பழைய (ஜூலியன்) கணக்கு. புதிய கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

ஆனால் 1582-க்கு முந்தைய நிகழ்வுகளை மாற்றவே வேண்டாம். ஜூலியன் தேதியை அப்படியே எழுதுவதுதான் வழக்கம். கொலம்பஸ் கரை கண்டது 1492 அக்டோபர் 12. கணக்குப் போட்டால் 21 வரும். அமெரிக்கர்கள் 1892-ல் அப்படிக் கணக்கிட்டு 21-ல் நானூறாம் ஆண்டு விழா எடுத்தார்கள், பிறகு 12-க்கே திரும்பிவிட்டார்கள்.

நவீன காலத்தில் வம்பு செய்வது கடிகாரம். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்தது அமெரிக்கக் கிழக்குக் கரையில் 1969 ஜூலை 20 இரவு 10:56. கிரீன்விச் நேரத்தில் 21 அதிகாலை 2:56. 1945-ல் ஜெர்மனியின் சரணாகதி நடைமுறைக்கு வந்தபோது மேற்கே மே 8 இரவு, மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டி 9; வெற்றி நாள் இரண்டானது அதனால்தான். 1941-ல் ஹவாயின் பேர்ல் ஹார்பர் தாக்குதல் டிசம்பர் 7 என்றும், மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8 என்றும் அடுத்தடுத்த நாட்களில் போடுகிறோம். உண்மையில் கோத்தா பாருதான் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தியது; நாள் மாறும் எல்லையான சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கே நிற்பதால் வரிசை தலைகீழாகத் தெரிகிறது.

நிகழ்வின் எந்தக் கட்டம் என்பதும் முக்கியம். 1776-ல் அமெரிக்க விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ‘கையெழுத்தான நாள் ஜூலை 4’ என்று எழுதுவது பிழை. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு, மூழ்கியது 15 அதிகாலை. வினைச்சொல்லைப் பார்த்துத் தேதியைப் போட வேண்டும்.

தயங்காமல் போடக்கூடிய பொருத்தங்களும் உண்டு. டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12-ல் பிறந்தார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4-ல், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளிலேயே, மறைந்தார்கள். இவற்றில் இரு பக்கமும் ஒரே நாள்காட்டி.

தங்கள் பகுதியில் இடம் குறைவு என்பது தெரிகிறது. பழைய கணக்குத் தேதிக்குப் பக்கத்தில் ‘ப.நா.’ (பழைய நாள்காட்டி) என்ற இரண்டு எழுத்தும், நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளுக்கு எந்த ஊர் நேரம் என்ற ஒரு சொல்லும் சேர்த்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்